பனிக்கிணற்றுத் தண்ணீரும் எட்டாயிரம் குரோனரும்

என் அண்ணன் செவெரினுக்கு நான் எட்டாயிரம் குரோனர் கடன்பட்டிருந்தேன். அதைத் தவிர இந்த உலகத்தில் யாருக்கும் ஒரு காசு நான் பாக்கி வைத்தவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் இதை வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் இருக்கிறார்கள்.

இது என்னைப் பற்றிய கதை இல்லை. என்னைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தாள் போதாது. பள்ளிக்கூடத்தில் நாலு குளிர்காலம் உட்கார்ந்தவன், இன்று இரண்டு படகுக்கும் ஊரிலேயே பெரிய உறைபெட்டிக்கும் சொந்தக்காரன். ஹாலிபட் மீனுக்கு விலை பேச மீன் ஆலைக்காரர்கள்தான் என் வீட்டுக்கு வந்து காப்பி குடிப்பார்கள். நான் அவர்கள் அலுவலகத்தில் போய் நின்றதில்லை. அது போதும். இது செவெரினெ என்ற பெண்ணைப் பற்றியது. வயது முப்பத்துமூன்று, இரண்டு காதிலும் தோடு, இடது கைக்கு எப்போதும் கையுறை இருக்காது, தொலைத்திருப்பாள். அவள்தான் என் அண்ணன்.

வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் அண்ணன், அதாவது என்னோடு கூடப்பிறந்த செவெரின், என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சீல் வேட்டையில் கிடைத்த காசைச் செலவழிக்கத் தெரியாமல் சேர்த்து வைத்திருந்தார். எனக்கு இருபத்தாறு வயதானபோது, துடுப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் படகுக்கு இன்ஜின் வாங்க ஆசைப்பட்டேன். அண்ணன் எட்டாயிரம் கொடுத்தார். அந்த இன்ஜினால்தான் தூரத்தில் போய்த் தூண்டில் போட்டேன். அந்த மீனில்தான் வீடு, அந்த வீட்டில்தான் உறைபெட்டி, அந்த உறைபெட்டியால்தான் இரண்டாவது படகு. எல்லாவற்றுக்கும் அடியில் அந்த இன்ஜின் இருக்கிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷமே ஆகஸ்டில் நானும் அண்ணனும் பனிமான் வேட்டைக்கு உள்பக்கம் போனோம். ஆற்றின் ஓரமாக இரண்டு நாள் நடை. ஆறு முடியும் இடத்தில் பெரிய பனி ஆரம்பிக்கும். மான் கிடைக்கவில்லை. கிடைக்காத எரிச்சலில் அண்ணன் பனிமேல் ஏறி நடந்தார், நானும் நடந்தேன். கோடையில் பனியின் மேற்பரப்பு உருகி, நீல நிறத்தில் ஓடைகள் ஓடும். அதில் ஒரு ஓடையைத் தொடர்ந்து போனால், அது ஒரு கிணற்றுக்குள் விழுந்துகொண்டிருந்தது. பனியிலேயே குடைந்த கிணறு. அடி தெரியவில்லை. சத்தம் மட்டும் மேலே வந்தது.

அண்ணன் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தார். நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். எழுந்தவர் குடுவையில் மிச்சமிருந்த காப்பியைக் கிணற்றில் ஊற்றினார்.

“பாத்தியா தம்பி, நாம நடந்து வீடு சேர்றதுக்குள்ள இந்தக் காப்பி நம்ம ஆத்து வழியா ஊருக்குப் போயிடும்.”

“நம்ம ஊருக்கா? இக்கேரக்காரன் வாசலுக்குல்ல போகும்” என்றேன் நான்.

இக்கேரக் என்பது தெற்கே பக்கத்துக் கடற்கழியில் இருக்கும் ஊர். அவர்களுக்கும் ஓர் ஆறு இருக்கிறது, அதுவும் இதே பனியிலிருந்துதான் வருகிறது. எங்களுக்கும் அவர்களுக்கும் எதிலும் ஒத்துப்போகாது.

“ஏண்டா அவனுக்குப் போகணும்?”

“பனி அந்தப் பக்கம்தானே சரிஞ்சிருக்கு? கண்ணு இருந்தா பாரு.”

“மேல சரிஞ்சா? தண்ணி போறது அடியில. அடியில பாறை எப்படிக் கிடக்குன்னு நீ போய்ப் பாத்துட்டு வந்தியா?”

“நீ பாத்தியா?”

“நான் பாக்க வேணாம். வெயில் அடிச்சா நம்ம ஆறு கத்துற கத்து எனக்குத் தெரியும். அவனுங்க ஆறு பூனை மாதிரி போகும்.”

வீடு வரும்வரைக்கும் இதே பேச்சு. ஆற்றைக் கடக்கும்போது இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு அண்ணன் திரும்பிச் சொன்னார்:

“சரிடா. அந்தக் கிணத்துத் தண்ணி நம்ம ஆத்துல வருதுன்னு தெரிஞ்சா, எட்டாயிரத்துக்குப் பதினாறாயிரமா குடு. இக்கேரக்குப் போகுதுன்னு தெரிஞ்சா ஒரு காசு வேணாம். இன்ஜின் உனக்குச் சும்மா.”

தண்ணீர் குளிர்ந்து கிடந்தது. கரையேற வேண்டும் என்ற அவசரத்தில் “சரி” என்றேன்.

அங்கேதான் முடிச்சு விழுந்தது. அடுத்த கோடையிலேயே என்னிடம் காசு இருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணன் வாங்கவில்லை. “தண்ணி எங்க போகுதுன்னு தெரிஞ்சாச்சா? அப்புறம் என்ன அவசரம்?” என்றார். அதற்கடுத்த வருஷமும் அதே பதில். மூன்றாவது குளிர்காலத்தில் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான் பணத்தாள்களை எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலருகே நின்றேன்.

“அண்ணே, இதை வாங்கிக்க. அந்தப் பந்தயம் போகட்டும்.”

அவர் போர்வைக்கு வெளியே கிடந்த கையை முஷ்டியாக மடக்கி உள்ளே இழுத்துக்கொண்டார். “நம்ம ஆத்துலதான்டா வருது” என்றார். அந்த வாரம் போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் போனால் அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு அந்தப் பெயரை வைப்பார்கள். பெயர் வந்தால் ஆளும் வந்த மாதிரி. யாருக்கு அண்ணனாக இருந்தாரோ அவருக்கு அந்தக் குழந்தை அண்ணன்தான். ஆணா பெண்ணா என்பது பாதிரியாரின் கவலை. அந்த வசந்தத்தில் பள்ளிக்கூடச் சமையல்காரி அபெலோனுக்குப் பெண் பிறந்தது. செவெரின் என்று வைத்தார்கள். பெண் என்பதற்காகப் பாதிரியார் பின்னால் ஓர் எழுத்தைச் சேர்த்துச் செவெரினெ என்று எழுதிக்கொண்டார்.

பெயர் வைத்த அன்று அபெலோன் வீட்டில் காப்பி விருந்து. நான் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, எட்டாயிரத்தையும் பையில் வைத்துக்கொண்டு போனேன். தொட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, “அண்ணே, வந்துட்டியா?” என்றேன். முதல் தாளைக் குழந்தையின் கையில் வைக்கப் போனேன். குழந்தை கையை முஷ்டியாக மடக்கிக்கொண்டது.

வீடு முழுக்கச் சிரிப்பு.

“பாரு, விரிக்கமாட்டேங்குது! ஆளு அதே ஆளுதான்” என்றாள் அபெலோன்.

“எல்லாக் குழந்தையும் அப்படித்தான் கை வச்சிருக்கும்” என்றேன்.

“எல்லாக் குழந்தைக்கும் நீங்க கடன் இல்லையே கெர்த்” என்றாள்.

நான் காசைப் பையில் போட்டுக்கொண்டு, கேக் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

செவெரினெ வளர்ந்ததைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லாக் குழந்தையையும் மாதிரித்தான் வளர்ந்தாள். ஆனால் எனக்கு மட்டும் அது கொஞ்சம் கஷ்டம். என் தாடி நரைக்கத் தொடங்கிய காலத்தில், பல் விழுந்த வாயோடு ஒரு பெண் கடைவாசலில் நின்று, “தம்பி, எனக்கு மிட்டாய் வாங்கிக் குடு” என்பாள். நானும் “சரி அண்ணே” என்று வாங்கிக் கொடுப்பேன். சீல் அடித்தால், அண்ணனுக்குப் பிடித்த அதன் துடுப்புக்கால் கறி அவள் வீட்டுக்குப் போகும். அவளுக்கு அது பிடிக்காது. முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிடுவாள், நான் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆறு வயதில் ஒருநாள் நாலு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என் படகுக்கு வந்தாள். “தம்பி, என் இன்ஜினக் காட்டு.”

“அது என் இன்ஜின், அண்ணே.”

“தண்ணி வர்ற வரைக்கும் என்னுது” என்று பிள்ளைகளிடம் திரும்பிச் சொன்னாள். அபெலோன் சொல்லிக் கொடுத்திருப்பாள். இருந்தாலும் அவள் சொன்ன தோரணையில் எனக்குச் சிலிர்த்தது.

நகரத்துக்குப் படிக்கப் போனாள். முடி வெட்டும் தொழில் கற்றாள். திரும்பி வந்து தேவாலயத்தில் பாட்டு நடத்துகிறவருக்கு முடி வெட்டினாள். அதற்குப் பிறகு அவர் ஒரு மாதம் தொப்பியோடு பாட்டு நடத்தினார். அந்தத் தொழில் அதோடு போயிற்று. மீன் ஆலையில் வேலை செய்தாள், சலித்தது. சீட்டாட்டத்தில் கள்ளத்தனம் செய்வாள். மாட்டிக்கொண்டால், “போன தடவை செத்ததுக்கு முன்னாடியும் இப்படித்தான் ஆடினேன்” என்பாள். உண்மைதான், அண்ணனும் கள்ளாட்டம்தான். அவள் வைக்கும் சீல் சாறைக் குடிக்க ஆள் கிடைக்காது. ஆனால் முதுகில் சுமை ஏற்றினால் ஆண்பிள்ளைகளே பின்தங்கிவிடுவார்கள். பழுதான இன்ஜின் எதுவானாலும் அவள் கையில் கொடுத்தால் ஓடும். என் பழைய இன்ஜினையே நாலு முறை ஓட வைத்திருக்கிறாள். “என் பொருள நான் பாத்துக்கறேன்” என்பாள். கூலி கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். கடன் காசை எடுத்தால்தான் கை மடங்கும்.

பிறகு பனியை அளக்கிற ஆட்கள் கோடையில் வர ஆரம்பித்தார்கள். அவர்களுக்குச் சுமை தூக்க, ஜெனரேட்டர் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. செவெரினெ போனாள். பல கோடை போனாள். அவர்களில் தோர்கில் என்று ஒரு டென்மார்க்காரர். நெட்டையான ஆள், நல்ல மனிதர், காப்பியில் சர்க்கரை போடாமல் குடிக்கிற ஒரு குறை மட்டும் உண்டு. அவருடைய வேலையே, மேலே உருகுகிற தண்ணீர் பனிக்குள் எப்படிப் போகிறது, எங்கே வெளியே வருகிறது என்று பார்ப்பது. கிணற்றில் சிவப்புச் சாயத்தை ஊற்றுவார், இரண்டு ஆற்றிலும் சாயத்தை மோப்பம் பிடிக்கும் கருவியை வைப்பார், காத்திருப்பார். இதற்குச் சம்பளம் உண்டு.

ஒரு மே மாதம் செவெரினெ என் வீட்டுக்கு வந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்:

“தம்பி, இந்த வருஷம் தெரிஞ்சுடும்.”

“என்ன தெரிஞ்சுடும்?”

“நம்ம கிணறு. அதே ஓடையில தோர்கில் ஊத்தறாரு. நான்தான் இடத்தக் காட்டினேன்.”

“உனக்கெப்படி இடம் தெரியும்?”

“நான்தானே காப்பிய ஊத்தினேன்” என்றாள். என் வாயிலிருந்து நூறு முறை கேட்ட கதை, அவளுக்கு இடம் தெரியாமலா போகும்.

அவள் போன பிறகு என் மனைவி பெனிக்னெ பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்: “நீங்க சொன்ன மாதிரி இக்கேரக்குப் போயிருந்தா என்ன ஆகும்?”

“நான் சொன்னது சரின்னு ஆகும்.”

“அப்ப இன்ஜின் சும்மா வந்ததுன்னு ஆகும்.”

நான் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

இத்தனை வருஷமும் எனக்கு இது தோன்றவில்லை. நான் சொன்னது சரியானால், என் முதல் இன்ஜின் அண்ணன் போட்ட தானம். அந்த இன்ஜினில் வந்த வீடு தானம். உறைபெட்டி தானம். என் சொந்தக் கையால் உண்டாக்கினேன் என்று கல்யாணத்திலும் சாவு வீட்டிலும் நான் சொல்லிவந்த ஒவ்வொன்றும் தானம். நான் சொன்னது தப்பானால் பதினாறாயிரம் எண்ணிவைத்துவிட்டுத் தலைநிமிர்ந்து நடக்கலாம். ஆனால் இத்தனை வருஷமாக ஊரெல்லாம் சொன்னது தப்பு என்றாகும். யோசித்துப் பார்த்தேன். தப்பாகிப் போவதே மேல் என்று பட்டது. காப்பி டப்பாவிலிருந்த எட்டாயிரத்தோடு இன்னும் எட்டாயிரம் சேர்த்து வைத்தேன்.

ஜூனில் முதல் முறை ஊற்றினார்கள். சாயம் எங்கேயும் வரவில்லை. எங்கள் ஆற்றிலும் இல்லை, இக்கேரக் ஆற்றிலும் இல்லை. ஊரே ஏமாந்தது. செவெரினெ இறங்கி வந்தபோது பெனிக்னெ கேட்டாள்:

“அவ்வளவு சாயமும் எங்கடி போச்சு?”

செவெரினெ மேஜைமேல் தட்டை வைத்து, அதில் சர்க்கரைக் கட்டிகளை நெருக்கி அடுக்கினாள். மேலே காப்பியைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். காப்பி எல்லாக் கட்டியிலும் ஊறிப் பரவியது, வெளியே வரவில்லை.

“கோடை ஆரம்பத்துல இப்படித்தான். அடியில ஒழுங்கா பாதை கிடையாது. பனிக்கும் பாறைக்கும் நடுவுல கசிஞ்சு கசிஞ்சு எங்கயோ நிக்கும். சாயம் நீத்துப் போயிடும்.” இன்னும் கொஞ்சம் வேகமாக ஊற்றினாள். இரண்டு கட்டிகளுக்கு நடுவே கரைந்து ஒரு வாய்க்கால் விழுந்தது. காப்பி முழுவதும் அதன் வழியே தட்டின் ஓரத்துக்கு ஓடியது. “தண்ணி கூடக் கூட அதுவே குடைஞ்சு வழி பண்ணிக்கும். ஆகஸ்டுல ஊத்துனா குழாயில ஊத்துன மாதிரி வரும். தோர்கில் அப்படித்தான் சொல்றாரு.”

“அந்தக் கட்டிய வீணாக்காத” என்று நான் தட்டை எடுத்துக் குடித்துவிட்டேன்.

ஜூலையில் வெயில் கொளுத்தியது. பனிமேல் கிடந்த பெரிய நீல ஏரி ஒரே நாளில் வெடிப்பு வழியாக உள்ளே இறங்கிக் காலியானது. எங்கள் ஆறு பொங்கி, மீன் காயவைக்கும் என் பரண் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனது. “அண்ணன்தான் சரி!” என்று ஊர் கத்தியது. “ஏரி வேற, கிணறு வேற” என்றேன். பழக்க தோஷம். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஆகஸ்டில் இரண்டாம் முறை ஊற்ற நாள் குறித்தார்கள். அன்றைக்கு அதிகாலையிலேயே ஊற்றுவதாகப் பேச்சு. சாயம் ஊர்வரைக்கும் வந்தால் வெளிறிப் போயிருக்கும், கண்ணுக்குத் தெரியாது, கருவிக்குத்தான் தெரியும் என்று தோர்கில் முன்பே சொல்லியிருந்தார். எனக்குக் கருவிமேல் நம்பிக்கை இல்லை, என் கண்மேல் உண்டு. காய்ந்த கருவாட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். ஆறு வழக்கம்போல் பால் கலந்த சாம்பல் நிறத்தில் வந்தது. மத்தியானம் தாண்டியது. கொஞ்சம் கண்ணை மூடினேன். திறந்தபோது, கரையோரமாகத் தண்ணீர் சிவந்திருந்தது.

நான் அறுபது தாண்டியவன். ஆனால் அன்றைக்கு ஓடினேன்.

“வந்துடுச்சு! நம்ம ஆத்துல வந்துடுச்சு! நான் சொன்னது தப்பு! அண்ணன் சொன்னதுதான் சரி!”

இதைக் கடை வாசலில் ஒருமுறை, பள்ளிக்கூடத்தருகே ஒருமுறை, மீன் ஆலை முன்னால் ஒருமுறை கத்தினேன். ஆட்கள் ரப்பர் மேலங்கியோடு வெளியே வந்தார்கள். இத்தனை வருஷத்தில் ‘நான் சொன்னது தப்பு’ என்று என் வாயால் ஊர் கேட்டதில்லை. சிலர் இரண்டாம் முறை சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். வீட்டுக்குப் போய் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தேன். ஊரே கரைக்கு வந்தது. அபெலோன் தன் பெண்ணின் சாட்டிலைட் போனுக்குப் போட்டு, எல்லோரும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினாள்.

“அண்ணே!” என்று கத்தினேன். “ஜெயிச்சுட்டே! சிவப்பா வருது! பதினாறாயிரம் கையில வச்சிருக்கேன், சீக்கிரம் இறங்கி வா!”

போனில் காற்று இரைந்தது.

“தம்பி” என்றாள் செவெரினெ. “நாங்க இன்னும் ஊத்தவே இல்ல. மூடி கழல மாட்டேங்குது. தோர்கில் சுத்தியலைத் தேடிட்டு இருக்காரு.”

ஊரே ஆற்றைத் திரும்பிப் பார்த்தது. கொஞ்ச தூரத்தில், பாறைக்குப் பின்னாலிருந்து எங்கள் ஊர்ப் பையன் ஆமோஸ் எழுந்து நின்றான். முழங்கைவரை ரத்தம், கையில் கத்தி, காலடியில் பாதி உரித்த சீல்.

“என்ன கெர்த்து மாமா, கூட்டம்?” என்றான். “கறி வேணுமா? எல்லாருக்கும் பத்தாதே.”

இக்கேரக்காரர்களுக்கு இந்தச் செய்தி அன்று மாலைக்குள் போய்விட்டது. எப்படிப் போனது என்று தெரியாது. அவர்களுடைய ஆற்றைவிட வேகமாகப் போயிருக்கும்.

மூடி பிறகு கழன்றது. சாயத்தை ஊற்றினார்கள். மறுநாள் காலையில் கருவி சொன்னது: சாயம் இக்கேரக் ஆற்றில் வந்தது. முழுக்க அங்கேதான். எங்கள் ஆற்றில் ஒரு துளி இல்லை.

ஆக, இத்தனை வருஷமாக நான் சொன்னதுதான் சரி. ஊரெல்லாம் நான் தப்பு என்று கத்திய மறுநாள் இது தெரிய வந்தது.

கடைக்குப் போனால், “வாங்க, சும்மா இன்ஜின்காரரே!” என்றார்கள். ஆமோஸ் மரியாதையாகக் கேட்டான்: “மாமா, உறைபெட்டிய எங்க வாங்குனீங்க? அங்க இன்னொண்ணு சும்மா குடுப்பாங்களா?” ஆலைக்காரர் விலை பேச வந்தவர், காப்பி குடித்துவிட்டு, “உங்களுக்கென்ன, அண்ணன் புண்ணியம்” என்று சொல்லி வழக்கத்தைவிடக் குறைத்துக் கேட்டார். நான் சோற்றில் கை வைத்தால் இறங்கவில்லை. பெனிக்னெ தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள்.

வாரக் கடைசியில் ஹெலிகாப்டரில் செவெரினெயும் தோர்கிலும் இறங்கினார்கள். நேராக என் வீட்டுக்குத்தான் வந்தார்கள். செவெரினெ முகம் வெயிலில் கருத்து, மூக்குத் தோல் உரிந்திருந்தது. இடது கையில் கையுறை இல்லை. பெனிக்னெ காப்பி வைத்தாள். நான் எட்டாயிரத்தை மட்டும் எடுத்து மேஜையில் வைத்தேன்.

“அண்ணே, இதை வாங்கிக்க.”

“ஏன்? நான்தானே தோத்தேன்.” அவள் கை மேஜைக்குக் கீழே போய்விட்டது. “இக்கேரக்குப் போனா ஒரு காசு வேணாம்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்னே.”

“அப்புறம் என்ன? இன்ஜின் சும்மா. வச்சுக்க.”

“சும்மா வேணாம்.”

“ஜெயிச்சவன் அழறத இப்பத்தான் பாக்கறேன்.”

“அண்ணே” என்றேன். “நான் யாருகிட்டயும் சும்மா ஒரு திருகாணிகூட வாங்கினதில்ல. அது ஒண்ணுதான் என்கிட்ட இருக்கு. அதை எடுத்துடாதே.”

அவள் என்னைப் பார்த்தாள். கேலியாகப் பார்க்கவில்லை. பிறகு தோர்கிலைப் பார்த்தாள்.

“தோர்கில், எங்க தம்பி பனி அந்தப் பக்கம் சரிஞ்சிருக்கு, அதனால தண்ணியும் அந்தப் பக்கம்னு சொன்னான். அது சரியா?”

தோர்கில் எங்கள் பாஷையை மெதுவாகப் பேசுவார், ஆனால் சரியாகப் பேசுவார். “சரிதான். அடியில பாறை எப்படி இருந்தாலும், மேல இருக்கிற பனியோட எடைதான் தண்ணிய அதிகமாத் தள்ளும். பனி எந்தப் பக்கம் சரியுதோ பெரும்பாலும் அந்தப் பக்கம் போகும்.”

எனக்கு மார்பு விரிந்தது. பிறகு அது நல்ல செய்தி இல்லை என்று ஞாபகம் வந்து சுருங்கியது.

“இன்னைக்கு இருக்கிற சரிவுக்கு” என்றார் தோர்கில்.

“அன்னைக்கு?” என்றாள் செவெரினெ.

“என்னைக்கு?”

“நான் காப்பிய ஊத்தின அன்னைக்கு. நான் பொறக்கறதுக்கு முன்னாடி.”

தோர்கில் இந்தக் கேள்வியில் எந்த விநோதத்தையும் காணவில்லை. எங்களோடு பல கோடை இருந்தவர். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். “அப்ப இங்க பனி ரொம்ப உயரமா இருந்தது. ஓரமெல்லாம் இப்ப கரைஞ்சு தாழ்ந்து போச்சு. சரிவு மாறியிருக்கு. சரிவு மாறினா தண்ணி ஒரு ஆத்த விட்டுட்டு இன்னொரு ஆத்துக்குப் போயிடும். அந்தக் கிணறே இப்ப இல்ல, பனி நகர்ந்து போயிடுச்சு. அதே இடத்துல வேற கிணறு திறந்திருக்கு.”

“அப்ப அன்னைக்கு எங்க போச்சு?”

“இங்கயும் வந்திருக்கலாம். அங்கயும் போயிருக்கலாம். அப்ப யாரும் அளக்கல. இனிமே தெரிஞ்சுக்க வழியும் இல்ல.”

“கடைசிவரைக்கும் தெரியாதா?”

“தெரியாது” என்றார் தோர்கில். அதைச் சொல்வதற்கு அவர் வெட்கப்படவில்லை. எனக்கு அவரை அப்போதுதான் முழுசாகப் பிடித்தது.

செவெரினெ ஒரு சர்க்கரைக் கட்டியைப் பல்லிடையே வைத்துக் காப்பியை உறிஞ்சினாள். அண்ணன் யோசிக்கும்போது அப்படித்தான் உறிஞ்சுவார். எல்லோரும்தான் அப்படி உறிஞ்சுகிறார்கள், இருந்தாலும் சொல்கிறேன்.

“தம்பி, நாம பந்தயம் கட்டினது அன்னைக்கு விழுந்த தண்ணிக்கு. இன்னைக்கு விழுற தண்ணிக்கு இல்ல. சரியா?”

“சரி.”

“அன்னைக்குத் தண்ணி எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியாது. தெரியவும் தெரியாது. நீயும் ஜெயிக்கல, நானும் ஜெயிக்கல. பந்தயம் செல்லாது.”

“அப்ப?”

“பந்தயம் செல்லாதுன்னா மிச்சம் என்ன இருக்கு? நீ என்கிட்ட எட்டாயிரம் வாங்கினே. இன்னும் திருப்பிக் குடுக்கல. இத்தன வருஷமா ஏமாத்திட்டு இருக்கே.”

“நான் ஏமாத்தினேனா?”

“வேற யாரு? எட்டாயிரத்துக்கு அன்னைக்கு முழு இன்ஜின். இன்னைக்கு அதோட மூடிதான் வரும். வட்டி கேக்காம விட்டேனேன்னு சந்தோஷப்படு.”

பெனிக்னெ அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. “எழுந்திருங்க” என்றாள் என்னிடம். “உக்காந்துட்டா கடனைக் குடுப்பாங்க?”

நான் எழுந்து நின்றேன். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன். செவெரினெ மேஜைக்குக் கீழிருந்து இடது கையை எடுத்தாள். கையுறை இல்லாமல் பனியில் கிடந்து வெடித்த கை, விரலிடுக்கிலும் ரேகைகளிலும் சாயம் இன்னும் போகாமல் சிவந்திருந்தது. அதை என் முன்னால் மல்லாத்தி வைத்தாள். விரல்கள் விரிந்தன.

எல்லாம் ஐநூறு குரோனர் தாள்கள். எச்சில் தொட்டு ஒவ்வொன்றாக, அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி எண்ணி வைத்தேன். கை மடங்கவே இல்லை.

“பதிமூணு” என்றேன். “பதினாலு. பதினஞ்சு. பதினாறு.”